தேர்வும் வாழ்வும்

ஆண்டுதோறும் கோடைக் காலத்தில், மாங்காய் முதிர்ந்து கனியாகும் வேளையில், நம் நாட்டு இல்லங்கள் பலவற்றில் ஒரே கவலை குடிபுகுகின்றது. பள்ளி இறுதித் தேர்வின் முடிவு எப்போது வரும், எப்படி வரும் என்னும் கவலையே அது. முடிவு வந்தபின் சில வீடுகளில் இனிப்பு வழங்குவார்கள். சில வீடுகளில் அன்று அடுப்பும் எரியாது. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ஆதலின், அந்நாள்களில் மாணவர் சிலர் என்னைத் தேடி வருவதுண்டு.

சென்ற கோடையில் மாணவி ஒருத்தி வந்தாள். அவள் எதிர்பார்த்ததினும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே பெற்றிருந்தாள். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தவள், இறுதியில், “ஐயா, இந்த மதிப்பெண் என் வாழ்நாள் முழுவதும் என்னோடு வருமா?” என்று கேட்டாள்.

“வராது அம்மா, கவலையை விடு” என்று சொல்லி அவளைத் தேற்றி அனுப்பியிருக்கலாம். “வரத்தான் செய்யும், முன்னரே கருத்தூன்றிப் படித்திருக்க வேண்டும்” என்று கடிந்துரைத்தும் இருக்கலாம். இவ்விரண்டில் ஒன்றும் முழு உண்மை அன்று. ஆகவே, நான் அவளுக்கு என் கதையைச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதையே இங்கு உங்களுக்கும் சொல்லுகிறேன்.

காவிரிக் கரையில், கும்பகோணத்திற்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். என் தந்தையார் வெற்றிலைக் கொடிக்காலில் உழைத்து வாழ்ந்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், கவுளி கவுளியாக வெற்றிலையை அடுக்கும்போது ஒரு வெற்றிலையும் கூடாது, குறையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பு வரையில் படித்த முதற்பிள்ளை நானே.

1968ஆம் ஆண்டில் நான் அத்தேர்வை எழுதினேன். என்னுடன் எங்கள் ஊரிலிருந்து எழுதியவர் இன்னும் இருவர். ஒருவன் மேலத்தெருவில் இருந்தவன். எப்போதும் வகுப்பில் முதல்வன். மற்றொருவன் கீழத்தெருவில் இருந்தவன். என்னைப் போலவே நடுத்தரமாகப் படிப்பவன். அக்காலத்தில் தேர்வு முடிவு இக்காலம் போலக் கைப்பேசியில் வருவது இல்லை. தேறியவர்களின் எண்களைச் செய்தித்தாளில் அச்சிடுவார்கள். நகரத்திலிருந்து மாலையில் வரும் பேருந்தில் அச்செய்தித்தாள் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்கு வரும். நாங்கள் மூவரும் பேருந்து வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னரே சென்று அங்குக் காத்திருந்தோம்.

செய்தித்தாள் வந்தது. மேலத்தெரு நண்பனின் எண் அதில் இருந்தது. என் எண்ணுக்கு முன் எண் இருந்தது. பின் எண்ணும் இருந்தது. என் எண் இல்லை. கீழத்தெரு நண்பனின் எண்ணும் இல்லை. அச்சுப் பிழையாக இருக்குமோ என்று நான் நான்கு முறை பார்த்தேன். ஐந்தாம் முறை பார்ப்பதற்குள் தாளை வேறொருவர் வாங்கிக்கொண்டார். பின்னர்ப் பள்ளிக்குச் சென்று மதிப்பெண்களைப் பார்த்தபோது, கணக்கில் மட்டும் மூன்று மதிப்பெண் குறைவு என்று தெரிந்தது. அம்மூன்று மதிப்பெண்ணால் ஓர் ஆண்டு போயிற்று.

அன்று மாலை நான் வீடு திரும்பவில்லை. எந்த முகத்தோடு திரும்புவது? தந்தையார் எனக்காக வாங்கிய கடன் நினைவுக்கு வந்தது. அன்னையார் கழற்றிக் கொடுத்த தோடு நினைவுக்கு வந்தது. கால்கள் தாமாகவே புகைவண்டி நிலையத்தை நோக்கி நடந்தன. அஃது எங்கள் ஊரிலிருந்து இரண்டு கல் தொலைவு. எந்த வண்டியில் ஏறுவது, எவ்வூருக்குப் போவது என்று எனக்குத் தெரியாது. எவரும் என்னை அறியாத ஊருக்குப் போய்விட வேண்டும் என்பது மட்டுமே தெரிந்தது. நிலையத்தின் கல்லிருக்கையில் அமர்ந்திருந்தேன். இரண்டு வண்டிகள் வந்து சென்றன. பையில் பணம் இல்லாமையாலோ, துணிவு இல்லாமையாலோ நான் ஏறவில்லை.

இருட்டிய பின்னர், கையில் அரிக்கேன் விளக்குடன் தந்தையார் அங்கு வந்தார். எப்படி அறிந்து வந்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவர் என்னை அடிக்கவில்லை, ஆறுதலும் கூறவில்லை. “வா, சோறு ஆறிப்போகிறது” என்றார். இருவரும் ஒன்றும் பேசாமல் இரண்டு கல் தொலைவும் நடந்தோம்.

மறுநாள் விடியற்காலையில் அவர் என்னைக் கொடிக்காலுக்கு அழைத்துச் சென்றார். அகத்தி மரங்களின் நிழலில், கொடிகளை அகத்தியோடு சேர்த்துக் கட்டியவாறே, “எந்தப் பாடத்தில் போயிற்று?” என்று கேட்டார்.

“கணக்கில், அப்பா.”

“கணக்கில் எது வரவில்லை?”

நான் விழித்தேன். ஏன் தோற்றாய் என்று கேட்டிருந்தால் நூறு காரணம் சொல்லியிருப்பேன். வினாத்தாள் கடினம், நேரம் போதவில்லை, அன்று தலைவலி என்று அடுக்கியிருப்பேன். ஆனால், எது வரவில்லை என்னும் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. எனக்கு எது தெரியாது என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு கொடி வாடினால் கொடிக்காலையே அழித்துவிடுவோமா? வேரில் தண்ணீர் தேங்கிற்றா, மேலே வெயில் பட்டதா என்று அல்லவா பார்ப்போம்? உனக்கு எது வரவில்லை என்று பார்” என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றுமட்டுமன்று, அவர் மறையும் வரையில் பேசவில்லை.

நான் வீட்டிற்கு வந்து பழைய வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். வட்டிக் கணக்கு எனக்கு வந்திருந்தது, சதவீதமும் வந்திருந்தது. வடிவியலில்தான் வழுக்கி விழுந்திருந்தேன். முக்கோணம் ஒன்றின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பதை நிறுவும் முறையை நான் நெட்டுருப் போட்டிருந்தேன். புத்தகத்தில் முக்கோணத்தின் மூன்று முனைகளுக்கும் இட்டிருந்த எழுத்துகளோடு சேர்த்து நெட்டுருப் போட்டிருந்தேன். தேர்வில் வேறு எழுத்துகளை இட்டு, முக்கோணத்தையும் தலைகீழாக வரைந்திருந்தார்கள். என் நெட்டுரு அங்கேயே நின்றுவிட்டது. அடிக்கோட்டுக்கு இணையாக உச்சியின் வழியே ஒரு கோடு ஏன் வரைகிறோம் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கள் கணக்காசிரியர் அக்கோடையில் நாள்தோறும் பிற்பகலில் எனக்குப் பாடம் சொன்னார். மணலில் குச்சியால் முக்கோணம் வரைவார், அழிப்பார், திருப்பி வரைவார். ‘ஏன்?’ என்னும் ஒரு சொல்லைத் தவிர அவர் மிகுதியாகப் பேசமாட்டார். அவ்வாண்டு செப்டம்பர்த் தேர்வில் நான் கணக்கில் தேறினேன். ஆனால், கல்லூரியில் இடம் கிடைப்பதற்கு அடுத்த ஆண்டின் சூன் மாதம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை கொடிக்காலில் தண்ணீர் இறைத்தேன். மேலத்தெரு நண்பன் புகுமுக வகுப்பில் சேர்ந்து, வார இறுதியில் புதுச்சட்டை அணிந்து ஊருக்கு வருவதைக் கண்டு மனம் புழுங்கினேன். தோல்விக்கு விலை உண்டு. அவ்விலையை நான் கொடுத்தேன். அதனை இல்லை என்று சொல்லுவது பொய்யாகும்.

காலம் சென்றது. கணக்கில் தோற்றவனே கணக்கு ஆசிரியன் ஆனேன். பொதுத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும் பணியும் எனக்கு வந்தது. சித்திரை வெயிலில், ஏதேனும் ஒரு பள்ளியின் கூடத்தில், நீண்ட பலகைகளில் நாங்கள் வரிசையாக அமர்ந்திருப்போம். எதிரே விடைத்தாள் கட்டுகள் இருக்கும். தாளில் எழுதியவரின் பெயர் இராது, ஊர் இராது, தந்தையார் யார் என்பது இராது. கையெழுத்தும் விடையுமே இருக்கும்.

அப்பணியில் நான் இரண்டு உண்மைகளை அறிந்தேன். மதிப்பெண் எவ்வளவு சிறிய பொருள் என்பது ஒன்று. ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சில வினாக்களுக்கு, குறிப்பிட்ட நேரத்திற்குள் ஒரு கை எழுதியதற்கு இடும் எண்ணே மதிப்பெண். அக்கைக்கு உரியவன் முதல்நாள் உறங்கினானா, காய்ச்சலோடு வந்தானா, ஐந்து கல் நடந்து வந்தானா என்பது திருத்துபவனுக்குத் தெரியாது. அவன் நேர்மையானவனா, நண்பனுக்கு உதவுபவனா, விழுந்தால் எழுபவனா என்பதும் தெரியாது. அவற்றை அளப்பதற்கு அத்தாளில் இடமே இல்லை.

தேர்வு எவ்வளவு நடுநிலையுடையது என்பது மற்றொன்று. எனக்குப் பரிந்து பேசுவதற்கு எவரும் இல்லாத காலத்தில், என் விடைத்தாளை எவரோ ஒருவர் முன்பின் அறியாமல் திருத்தினார். கொடிக்காலில் உழைப்பவரின் மகன் என்று அவர் குறைத்து மதிப்பிடவும் இல்லை. இரங்கிக் கூட்டி வழங்கவும் இல்லை. வலியவர் வீட்டுப் பிள்ளைக்கும் எளியவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளைத் தருவது தேர்வு. பரிந்துரைப்பார் இல்லாத பிள்ளைக்கு அதுவே பரிந்துரை. ஆகவே, தேர்வைப் பழிப்பதற்கு என் நாக்கு எழுவதில்லை.

தேர்வின் தடையின்றியே சிலர் உயர்ந்ததும் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல்கலைக்கழகத் தேர்வு எதனையும் எழுதியவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றவர் அவர். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவ்விடத்திற்குச் சாமிநாதையரே தக்கவர் என்று அவரே எடுத்துரைத்தார். ஐயரின் புலமையை நேரில் அறிந்த ஒருவரின் சொல் அங்கே சான்றிதழ் ஆயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவரும், பழந்தமிழ் நூல்கள் பலவற்றை அழியாமற் காத்தவரும் அவரே. ஆயினும், எல்லா மாணவருக்கும் ஒரு தியாகராச செட்டியார் கிடைப்பாரா? கிடைக்கமாட்டார். அதனாலேயே தேர்வு வேண்டியுள்ளது.

அதே கும்பகோணம் கல்லூரியில் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் ஓர் இளைஞர் சேர்ந்தார். அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். ஒருநாள் வகுப்பில் நான் அவருடைய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இராமானுஜனே தேர்வில் தோற்றார் அல்லவா? நான் தோற்றால் என்ன?” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அன்றிரவு எனக்கு அக்கேள்வி உறுத்திற்று. இராமானுஜனின் தோல்வியைப் பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது வந்த முறையையும், அதற்கு அவர் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். இளமையில் அவர் தேர்வுகளில் தோற்றவர் அல்லர். 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். 1904இல் நகர உயர்நிலைப் பள்ளியில் கணக்கிற்காகப் பரிசு பெற்றார். அவ்வெற்றியே அவருக்கு அரசினர் கல்லூரியில் உதவித்தொகையைத் தேடித் தந்தது. ஆனால், அதற்குள் கணித வாய்பாடுகள் ஆயிரக்கணக்கில் திரண்ட நூல் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. அது முதல் அவருக்கு வேறு பாடங்களில் மனம் செல்லவில்லை. ஆங்கிலப் பாட வேளையிலும் கணக்கையே நினைந்தார். அதனால் பிற பாடங்களில் தோற்று, உதவித்தொகையை இழந்தார். தேர்வு தந்ததைத் தேர்வே பறித்துக்கொண்டது.

1905ஆம் ஆண்டில், எவரிடமும் சொல்லாமல், அவர் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்தை நோக்கிச் சென்றுவிட்டார். இதனை நான் முதன்முதலிற் படித்தபோது, புகைவண்டி நிலையத்துக் கல்லிருக்கை என் கண்முன் வந்து நின்றது. அத்துணைப் பெரிய மேதைக்கும் அந்த மாலைப்பொழுது உண்டு போலும் என்று எண்ணினேன். 1906இல் அவர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அவ்வாண்டு இறுதியில் இடைநிலைத் தேர்வில் தோற்றார். 1907இல் மீண்டும் தோற்றார். பட்டம் இல்லை; ஆதலின் வேலை இல்லை; வறுமை மட்டும் இருந்தது. தாள் வாங்கப் பணமின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

மாணவர்களே, இங்குச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். தோல்வி இராமானுஜனுக்குத் துன்பம் செய்யவில்லை என்று யார் சொல்லுவார்? அவர் வாழ்ந்ததே முப்பத்திரண்டு ஆண்டுகள். அவற்றுள் சில ஆண்டுகள் வேலை தேடி அலைவதிலேயே கழிந்தன. தேர்வு முடிவு வாழ்க்கையைத் தொடவே தொடாது என்பார்க்கு இவ்வாண்டுகளே மறுமொழி.

ஆனால், அவ்வாண்டுகளில் அவர் கணக்கை விடவில்லை. தமக்காகப் பேசுவதற்குச் சான்றிதழ் இல்லாதபோது, தம் குறிப்பேடுகளைப் பேச வைத்தார். அவற்றை எடுத்துக்கொண்டு, 1910இல் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரைக் காணச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். பின்னர், நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவைக் கண்டார். அவர்கள் குறிப்பேட்டைக் கண்டு வியந்து உதவினர். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், எழுத்தர் வேலையில் அமர்ந்தார். 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த பேராசிரியர் ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. 1914இல் அவர் கப்பலேறினார். 1916இல் ஆராய்ச்சிக்காகவே கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். 1918இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். இரு முறை தேர்வில் தோற்றவரை உலகம் இவ்வாறு தேர்ந்தெடுத்துக்கொண்டது.

அவரை உலகிற்குக் காட்டிய ஆர்டி தேர்வில் தோற்றவர் அல்லர். 1898ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். எனினும், தேறியவர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கம் உண்மையான கல்விக்கு ஊறு செய்கிறது என்று அவர் கருதினார். அத்தேர்வைத் திருத்தியமைக்கப் பாடுபட்டோருள் அவரும் ஒருவர். 1909ஆம் ஆண்டோடு அவ்வரிசை அறிவிப்பு நின்றது. நம் தமிழ்நாட்டிலும் 2017ஆம் ஆண்டு முதல், பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்திவிட்டது. தேர்வை ஒழிக்கவில்லை; தேர்வைக் கொண்டு ஒருவனை உச்சியில் ஏற்றிப் பிறரைத் தாழ்த்துவதையே ஒழித்தார்கள். இவ்வேறுபாட்டை நீங்கள் அறிதல் வேண்டும்.

இனி, தேர்வில் முதல்வராகத் தேறியவர் ஒருவரையும் காண்போம். சர் சி. வி. இராமன் 1904இல் சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராகப் பட்டம் பெற்றார். 1907இல் அரசாங்க நிதித்துறைத் தேர்விலும் முதலிடம் பெற்றுக் கல்கத்தாவில் உயர்ந்த பதவியில் அமர்ந்தார். தேர்வு அவருக்கு வழங்கிய பரிசு அப்பதவி. அதனோடு அவர் நிறைவு கொண்டிருந்தால் நல்ல அதிகாரியாக வாழ்ந்து ஓய்வு பெற்றிருப்பார். நாம் அவரை அறிந்திருக்கமாட்டோம். ஆனால், அவர் அலுவலகத்திற்குச் செல்லுமுன் காலையிலும், திரும்பியபின் மாலையிலும், அந்நகரத்து அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். பத்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917இல், சம்பளம் குறைவு என்று தெரிந்தும், அரசாங்கப் பதவியைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1928இல் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைத் தேர்வில் பெற்ற முதலிடம் தேடித் தரவில்லை. எந்தத் தேர்வும் கேட்காத வினாவைத் தாமே எழுப்பி, அதற்கு விடை தேடிய உழைப்பே தேடித் தந்தது.

ஒருவர் தோற்றவர், ஒருவர் வென்றவர். தோல்வி ஒருவருக்குக் கதவை அடைத்தது. வெற்றி மற்றவருக்குக் கதவைத் திறந்தது. ஆனால், இருவரும் தேர்வு முடிந்த மறுநாளும் தம் வேலையை விடாமற் செய்தவர்கள். அவர்களை உயர்த்தியது அதுவே.

மேதைகளின் கதை நமக்கு எட்டாதது என்று நீங்கள் எண்ணலாம். ஆகையால், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூவரின் கதைக்குத் திரும்புகிறேன்.

மேலத்தெரு நண்பன் நன்றாகப் படித்து, வங்கியில் அலுவலராகி, உயர்ந்த பதவியில் ஓய்வு பெற்றான். அவன் பெற்ற மதிப்பெண் அவனுக்குக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தது. கல்லூரி, வேலை வாங்கிக் கொடுத்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவனைக் கண்டபோது, “உன் பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண் எவ்வளவு?” என்று விளையாட்டாகக் கேட்டேன். அவன் நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “மறந்துவிட்டது அப்பா, வேலையில் சேர்ந்த நாளுக்குப் பின் அதை ஒருவரும் கேட்கவில்லையே” என்றான். ஊரே கொண்டாடிய எண்கள் அவை.

கீழத்தெரு நண்பனை நினைக்கும்போதுதான் என் மனம் வருந்துகின்றது. அவனும் என்னைப் போலவே கணக்கில் மட்டும் சில மதிப்பெண்களில் தோற்றான். செப்டம்பரில் எழுதலாம் வா என்று நான் அழைத்தேன். “எனக்குப் படிப்பு வராது” என்று சொல்லி, மளிகைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். உழைத்துப் பின்னாளில் சொந்தக் கடையும் வைத்தான், நன்றாகவே வாழ்ந்தான். இருபது பொருள்களின் விலையைத் தாளும் எழுதுகோலும் இன்றி, வாடிக்கையாளர் பையை எடுப்பதற்குள் மனத்திலேயே கூட்டிச் சொல்லுவான். ஒருநாள் நான் அவன் கடையில் நின்றிருந்தபோது, அவனுடைய சிறு மகள் கணக்குப் புத்தகத்தோடு வந்து ஓர் ஐயம் கேட்டாள். அவன் புத்தகத்தைப் பார்க்கவும் இல்லை. “அப்பாவுக்குக் கணக்கு வராது அம்மா, வாத்தியார் மாமாவைக் கேள்” என்று என்னைக் காட்டினான். நான் பார்த்தேன். அது நான்கு பொருள்களின் விலையைக் கூட்டி, நூற்றுக்குப் பத்துக் கழிவு போக மீதி காணும் கணக்கு. அத்தகைய கணக்கை அவன் அன்று காலைக்குள் நூறு முறை போட்டிருப்பான்.

அவனிடம் இல்லாதது கணக்கு அன்று. 1968ஆம் ஆண்டு கோடையில் ஒரு செய்தித்தாளில் அவன் எண் இல்லை. அன்று முதல் தனக்குக் கணக்கு வராது என்று அவன் நம்பினான். தேர்வு, இவ்வாண்டு இவ்வினாக்களில் தேறவில்லை என்று மட்டுமே சொல்லிற்று. எந்நாளும் தேறமாட்டான் என்று அது சொல்லவில்லை. அதனைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டவன் அவனே. என் தந்தையார் என்னைக் கேட்ட கேள்வியை அவனை எவரேனும் கேட்டிருந்தால் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. நானே கேட்டிருக்கலாம், அக்காலத்தில் எனக்கு அது தோன்றவில்லை. எனக்கும் அவனுக்கும் இருந்த வேறுபாடு மதிப்பெண்ணில் இல்லை. விளக்கோடு வந்த ஒருவர் கேட்ட ஒரு கேள்வியிலேயே இருந்தது.

தேர்வு முடிவு என்று சொல்லுகிறோம். தேர்வுக்கு அது முடிவுதான். வாழ்வுக்கு அஃது முடிவன்று. அது ஒரு செய்தி. இதுவரை எது வந்தது, எது வரவில்லை என்று சொல்லும் செய்தி. நல்ல செய்தி வந்தால் மகிழுங்கள், திறந்த கதவின் வழியே செல்லுங்கள், அக்கதவோடு நின்றுவிடாதீர்கள். தீய செய்தி வந்தால் அழுங்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால், தனியே எங்கும் சென்று அமராதீர்கள், வீட்டிற்குப் போங்கள், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனந்திறந்து பேசுங்கள். எங்கள் காலத்தைப் போல ஓர் ஆண்டு காத்திருக்கவேண்டிய நிலையும் இப்போது இல்லை. தேறாதவர்க்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடத்தி, அவ்வாண்டிலேயே மேல்வகுப்பில் சேர வழி செய்திருக்கிறார்கள்.

என்னைத் தேடி வந்த மாணவி இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். நான் அவளை, “எது வரவில்லை அம்மா?” என்று கேட்டேன். என்னைப் போலவே அவளும் முதலில் விழித்தாள். பின்னர்த் தன் பையிலிருந்து வினாத்தாளை எடுத்து என் முன்னே விரித்தாள். நாங்கள் இருவரும் முதல் வினாவிலிருந்து பார்க்கத் தொடங்கினோம்.